ஐயா விட்டுச்சென்ற ஜீப்: என்ஜினை இறக்குவதற்கு முன்

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய ஐயா வைத்திருந்த 1989 மாடல் மகிந்திரா எம்.எம். 540 ஜீப் இப்போது இவர் பொறுப்பில். ஐயா படுக்கையில் விழுந்தபின் இரண்டு வருடமாகப் பின்கட்டுக் கொட்டகையிலேயே நின்ற வண்டி. காலையில் லேசில் ஸ்டார்ட் ஆவதில்லை. அப்படியே ஸ்டார்ட் ஆனாலும் வெள்ளைப் புகை தள்ளிவிட்டு அணைந்துபோகிறது. ஓடிச் சூடான பிறகு ஒரே செல்ஃபில் எடுக்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் கையை உதறுகிறது. ஃபோர் வீல் லீவரைப் போட்டால் திரும்ப வரமாட்டேன் என்கிறது. பார்த்த மெக்கானிக், "என்ஜின் வேலை இருக்கு, இறக்கிடுவோம்" என்றாராம். இறக்கலாமா என்று கேட்கிறார்.

இறக்க வேண்டாம். குறைந்தது இப்போது வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் முக்கால்வாசி, வண்டி நின்றதால் வந்த கோளாறு.

முதலில் பிரேக். நான்கு சக்கரமும் டிரம். இரண்டு வருடம் நின்றால் வீல் சிலிண்டருக்குள் துரு பிடித்து ரப்பர் கப் இறுகிவிடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு. நான்கு டிரம்மையும் கழற்றிப் பாருங்கள், ஆயிலை முழுதாக மாற்றுங்கள், ரப்பர் ஹோஸ்களைப் புதிதாகப் போடுங்கள். அதுவரை கேட்டைத் தாண்ட வேண்டாம்.

அப்புறம் ஸ்டார்ட்டிங். உங்கள் வண்டியில் இருப்பது பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90 என்ஜின். நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), அதுதான் அந்தப் பெயர். டீசல் நேராக சிலிண்டருக்குள் விழாது. பக்கத்தில் ஒரு சின்ன அறையில் எரிந்து வெளியே வரும். அதனால் நம்மூர் வெயிலிலும் காலை ஸ்டார்ட்டுக்கு, அந்த அறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் வேண்டும். பிளக்குகளை இணைக்கும் பட்டியைக் கழற்றுங்கள். ஒரு டெஸ்ட் லாம்பை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, மறுமுனையை ஒவ்வொரு பிளக் தலையிலும் வையுங்கள். விளக்கு எரியாத பிளக் செத்தது. ஒன்றிரண்டு போயிருந்தாலே வெள்ளைப் புகையும் என்ஜின் உதறலும் வரும்.

ஆனால் எடுத்தபின் அணைகிறது என்கிறீர்களே, அங்கே எனக்குக் காற்றின் மேல்தான் சந்தேகம். டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுப்பது ஃபீட் பம்ப். அதுவரைக்கும் டீசலை பம்ப் உறிஞ்சித்தான் எடுக்கிறது. அந்த வழியில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது. காற்று உள்ளே போகும். சொட்டு விழவில்லை, அதனால் லைன் நல்லாயிருக்கு என்று நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ராத்திரியில் அந்த ஓட்டை வழியாகக் காற்று புகுந்து, லைனில் இருக்கும் டீசல் டேங்குக்கே திரும்பி வடிந்துவிடும். காலையில் ஃபில்டரில் மிச்சமிருப்பதை வைத்து என்ஜின் எடுக்கும், பின்னால் காற்று வந்ததும் அணையும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுத்தமான கேனும் புது ரப்பர் ஹோஸும் போதும். கேனில் நல்ல டீசல் ஊற்றி, பம்புக்கு மேலே உயரமாக, ஆடாமல் கட்டிவையுங்கள். ஹோஸை நேரே ஃபீட் பம்பின் வாயில் மாட்டி, ஹேண்ட் பிரைமரை (கையால் அடிக்கும் சின்ன பம்பை) அடித்து லைனிலிருக்கும் ஏரை எடுத்து, ஒருமுறை ஸ்டார்ட் செய்து நிறுத்திவிட்டுத் தூங்கப் போங்கள். மறுநாள் காலையில் டக்கென்று எடுத்தால் குற்றம் டேங்குக்கும் பம்புக்கும் நடுவே. கிளாம்ப் இறுக்கும் இடத்தில் ஹோஸை வளைத்துப் பாருங்கள், முடி முடியாக வெடித்திருக்கும். கேன் வைத்தும் அதே தொல்லை என்றால் ஃபில்டர் மூடியின் ஓ-ரிங், செம்பு வாஷர்கள், பிரைமரின் சீல் என்று வரிசையாக மாற்றுங்கள். எல்லாமே சில்லறைச் சாமான்.

டேங்கின் அடி டீசலைக் கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரைமணி நேரம் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றால் டேங்கையே கழற்றிக் கழுவ வேண்டியதுதான்.

இவ்வளவும் சரியாக இருந்து காலைத் தொல்லை போகவில்லையா, அப்போது என்ஜினைச் சந்தேகப்படலாம். தேய்ந்த என்ஜினும் சூட்டில் எடுக்கும் என்பதால், சூடான பிறகு ஐடிலில் விட்டு ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை அடித்து, சைலன்சரிலும் நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங் போயிருக்கிறது. கரும்புகை வேறு கதை: நம் செம்மண் தூசியில் ஆயில் பாத் ஏர் ஃபில்டரின் (தூசியை ஆயிலில் பிடிக்கும் ஃபில்டர்) கிண்ணம் களிமண்ணாக இறுகியிருக்கும். வழித்தெடுத்து, கழுவிப் புது ஆயில் ஊற்றுங்கள். ரேடியேட்டருக்கு போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உப்பு படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். கூலண்ட் கலந்தே ஊற்றுங்கள்.

ஸ்டீயரிங் உதறலுக்கு ஸ்டீயரிங் பாக்ஸை இறுக்குவார்கள். விடாதீர்கள். பாக்ஸ் பிடித்துக்கொண்டு, திருப்பினால் தானாக நேரே வராது. டயர் காற்றைச் சரி செய்துவிட்டு, வண்டி தரையில் நிற்கும்போது ஒருவரை ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டச் சொல்லி, நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு ராட் எண்டாக (ஸ்டீயரிங் கம்பிகளின் முனை மூட்டு) கையை வைத்துப் பாருங்கள். ஆட்டம் விரலுக்குத் தெரியும். அடுத்து முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்குக் கீழே கட்டையும் வைத்து, டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், உள்ளே இருப்பவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்த பிறகும் ஆடினால், முன் சக்கரம் திரும்பும் அச்சில் இருக்கும் கிங் பின் பேரிங். கிங் பின் பேரிங் நன்றாக இருந்தால் ஷிம்மை (இடையில் வைக்கும் மெல்லிய தகட்டை) குறைத்து ஆட்டத்தை எடுக்கலாம். குழி விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஓட்டும்போது உதறல் வந்தால் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டாமல், இறுகப் பிடித்து வேகத்தை மெல்லக் குறையுங்கள்.

ஃபோர் வீல் லீவர் இறுகுவதில் கோளாறே இல்லாமல் இருக்கலாம். எங்கே போட்டுப் பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. தார் ரோட்டில் என்றால் அது வண்டியின் இயல்பு. இந்த ஜீப்பில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே, இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரம் அதிக தூரம் உருளும். தாரில் டயர் சறுக்க இடமில்லாமல் முறுக்கு ஏறி லீவர் பிடித்துக்கொள்ளும். நேராக 20 அடி ரிவர்ஸ் வந்தால் கழன்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்க்கரை சேறு, ஊருணிப் பக்கத்து மணல், அங்கே மட்டும் போடுங்கள். நான்கு டயரும் ஒரே அளவுதானா என்றும் பாருங்கள். முன்னால் தேய்ந்த டயர், பின்னால் புதுசு என்றால் நேர் ரோட்டிலேயே முறுக்கும்.

நான்கு சக்கரமும் நிஜமாக இழுக்கிறதா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, என்ஜினை நிறுத்தி, கியரிலும் ஃபோர் வீலிலும் போட்டு, ஒரு முன் சக்கரத்தை மட்டும் தூக்கிக் கையால் சுற்றுங்கள். சுற்றக் கூடாது. அது சுற்றி, முன் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டும் கூடவே சுற்றினால், இழுவையை முன் ஆக்சிலுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் லீவர் விழவில்லை. ஷாஃப்ட் நின்று சக்கரம் மட்டும் சுற்றினால் கோளாறு ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) அல்லது ஆக்சிலில். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, உடனே மாற்றுங்கள்.

இன்னொன்று. ஐயா காலமாகி இரண்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வாரிசு பெயருக்கு ஆர்.சி. மாற்றப் படிவம் 31ஐ இறந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 30 நாளுக்குள் தகவல் தெரிவித்திருக்கவும் வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டி என்பதால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். போவதற்கு முன் சேசிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் துணியால் துடைத்து ஆர்.சி.யோடு ஒத்துப்பாருங்கள். பழைய ஜீப்புகளில் என்ஜின் மாறியிருப்பது சகஜம். மாறியிருந்தால் நான் மேலே சொன்ன பெஜோ கணக்கும் மாறும். எனக்கு அந்த நம்பரை எழுதி அனுப்புங்கள்.