படம் இன்னும் எடுக்கல, ஸ்கெட்ச்புக்க மட்டும் ஜோடிச்சுடலாமா அக்கா?

கேள்வி: அக்கா, எனக்கு 16 வயசு. மீடியா க்ளாஸ்ல 'காத்திருப்பு'ங்கற தலைப்புல 3 நிமிஷ குறும்படம் எடுக்கணும். மொத்தம் 6 வாரம் டைம், அதுல 4 வாரம் போயிடுச்சு, இன்னும் ஒரு ஷாட் கூட எடுக்கல. மனசுல இருக்கற கதைக்கு மழை வேணும், ரயில் வேணும், ட்ரோன் வேணும். படத்தோட சேத்து, எப்படி யோசிச்சோம்னு காட்டற மாதிரி 20 பக்க ஸ்கெட்ச்புக்கும் குடுக்கணும். ஃப்ரெண்டு ஒருத்தன் ஏஐ வெச்சு ஒரே ராத்திரில எல்லாத்தையும் முடிச்சுட்டு, ஸ்கெட்ச்புக்க அப்புறமா உக்காந்து வரஞ்சு ரொப்பிட்டான். எங்க டீம்ல 4 பேரு, வேலை பாக்கறது நான் மட்டும்தான். நானும் அவன மாதிரியே பண்ணிடவா? — பேர் வேண்டாம்.

பதில்:

தம்பி, நீ நாலு பிரச்சனை எழுதியிருக்க, எனக்கு என்னவோ ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியுது. கதை உன் கைக்கு மீறி இருக்கு, அதனால எதையுமே தொடங்க முடியல, தொடங்காததால ஸ்கெட்ச்புக் காலியா கிடக்கு, அது காலியா கிடக்கறதால டீம்ல யாருக்கும் அவங்க வேலை என்னன்னே தெரியல, அப்ப அவங்க சும்மாதான இருப்பாங்க. கதையச் சின்னதாக்கு, மத்ததெல்லாம் தானா அசைய ஆரம்பிக்கும்.

மழை, ரயில், ட்ரோன்னு படிச்சதும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, கோச்சுக்காத. ஸ்கூல் பசங்க எடுத்த குறும்படம் நிறைய பாத்தவ நான், அதுல பாதிப் படத்துல ஒருத்தன் சோகமா ஸ்லோ மோஷன்ல நடப்பான், பின்னாடி பியானோ கேக்கும், கடைசில கறுப்பு ஸ்க்ரீன்ல ஒரு தத்துவம் வந்து நிக்கும். உன் தலைப்பு 'காத்திருப்பு', அதுக்கு எதுக்குடா ட்ரோன்? ஸ்டாஃப் ரூம் வாசல்ல ஒரு நாற்காலி போதும். அதுல நாலு பேரு மாத்தி மாத்தி வந்து உக்காந்து காத்திருக்காங்க, முகத்தக் காட்டாத, கையையும் காலையும் மட்டும் காட்டு. ஒருத்தன் ஷூ லேஸ அவுத்து அவுத்துக் கட்டுறான், ஒருத்தி நகத்தக் கடிக்கறா, ஒருத்தன் காலு ஆடிக்கிட்டே இருக்கு, நாலாவது ஆளு மட்டும் அசையாம உக்காந்திருக்கான். உள்ள என்ன நடக்குதுன்னு கடைசி வரைக்கும் சொல்லாத. உங்க டீம்லயே நாலு பேரு இருக்கீங்க, நடிகருங்க ரெடி. இதையே எடுன்னு சொல்லல, இந்த அளவுக்கு சின்னதா யோசின்னு சொல்றேன்.

ஒரு கணக்கு போட்டுப் பாரு. 3 நிமிஷம்னா 180 செகண்டு, ஒரு ஷாட் சராசரியா 5 செகண்டுன்னா 36 ஷாட். ஒவ்வொண்ணுக்கும் கேமராவ வெச்சு, ஆள நிக்க வெச்சு, ரெண்டு தடவ எடுக்க 10 நிமிஷம் ஆகும்னு வெச்சா 6 மணி நேரம். ஒரு சனிக்கிழமைல முடியற வேலை இது, 4 வாரமா உன்னப் பயமுறுத்தினது இதுதான். (நடுவுல யாராவது "ஸ்டாப் மோஷன்ல பண்ணலாம்டா"ன்னு, அதாவது பொருளக் கொஞ்சம் கொஞ்சமா நகத்தி ஒவ்வொரு ஃபோட்டோவா எடுத்து ஓட்டலாம்னு, ஆசை காட்டுவாங்க. செகண்டுக்கு 12 ஃப்ரேம்னு எடுத்தாலே 2160 ஃபோட்டோ ஆகுது, 2 வாரத்துல வேண்டவே வேண்டாம்.)

இப்ப ஸ்கெட்ச்புக். இதுதான் நீ நிஜமா கேக்க வந்த கேள்வின்னு எனக்குத் தோணுது. கடைசில உக்காந்து ஜோடிச்ச ஸ்கெட்ச்புக் டீச்சருக்கு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும், எல்லா பக்கமும் ஒரே பேனா, ஒரே அழகு, எங்கயும் ஒரு அடித்தல் இல்ல, முதல் பக்கத்து ஐடியா நேரா ரோடு போட்ட மாதிரி கடைசி பக்கத்துல போய் நிக்கும். நிஜமா யோசிச்சவன் யாரும் அப்படி நேரா போறதில்ல. பிக்காசோ 1937ல கெர்னிக்கா ஓவியத்த வரஞ்சப்போ அதுக்கு முன்னாடியும் வரையறப்பவும் போட்ட ஸ்கெட்ச் மட்டும் 40க்கு மேல இருக்கு, அந்த பெரிய ஓவியம் வளர வளர டோரா மார்ங்கற ஃபோட்டோகிராஃபர் ஒவ்வொரு கட்டத்தையும் ஃபோட்டோ எடுத்து வெச்சாங்க. அந்த ஃபோட்டோவப் பாத்தா முதல்ல நடுவுல மேல தூக்கின ஒரு முஷ்டி இருக்கும், அப்புறம் அந்த கைல கதிர்க் கட்டு வரும், கடைசி ஓவியத்துல அந்த கையே இருக்காது. அவ்ளோ பெரிய ஆளு போட்டத அழிச்சிருக்காரு, அது நமக்குத் தெரியறது ஃபோட்டோ இருக்கறதாலதான். இன்னொண்ணு உனக்குப் பிடிக்கும், ஹாரி பெக்னு ஒருத்தர் 1931ல லண்டன் சுரங்க ரயில் மேப்ப நேர்கோடு, 45 டிகிரி கோடுன்னு மாத்தி முதல்ல வரஞ்சு பாத்தது சாதாரண நோட்டுப் பேப்பர்லதான். முதல்ல வேணாம்னு திருப்பிட்டாங்க, அப்புறம் 1933ல அச்சாச்சு. பென்சிலும் கலர் மையுமா இருக்கற அந்த நோட்டுப் பேப்பர் இன்னிக்கு லண்டன்ல ம்யூசியத்துல இருக்கு.

அதனால உன் முதல் பக்கத்துல பொய் எழுதாத. இன்னிக்கு தேதிய போட்டு, "4 வாரமா மழை, ரயில், ட்ரோன்னு யோசிச்சேன், எடுக்க முடியாதுன்னு இப்பதான் புரிஞ்சுது"ன்னு எழுது, அந்த பழைய கதையையும் நாலு கட்டம் கிறுக்கி, மேல பெருக்கல் குறி போடு. எதை விட்ட, ஏன் விட்டன்னு காட்டற பக்கத்ததான் தேடித் தேடிப் படிப்பாங்க. மீதிக்கு, தீப்பெட்டி சைஸ்ல ஸ்டோரிபோர்டு (ஒவ்வொரு ஷாட்டையும் ஒரு கட்டத்துல வரஞ்சு வெக்கறது), அடிச்சுத் திருத்தின ஷாட் லிஸ்ட், சொதப்பின ஷாட்டோட ஃப்ரேம் ஒண்ணு பிரிண்ட் எடுத்து பக்கத்துல என்ன சொதப்பல்னு ஒரு வரி, பாத்தவங்க என்ன சொன்னாங்க, அதுக்கு நீ எதை மாத்தின, இப்படி போனா 20 பக்கம் பத்தாது பாரு. வரைய வரலன்னா குச்சி மனுஷன் போதும். ஆனா அன்னன்னிக்கு எழுதிடு, ரெண்டு நாள் கழிச்சு எழுதினா நீயும் ஜோடிக்க ஆரம்பிச்சுடுவ.

ஏஐ விஷயத்துல உன் க்ளாஸ் ரூல் என்னன்னு டீச்சர்கிட்ட நேரா கேட்டுடு. ஓகேன்னு சொன்னா எதுக்குப் பயன்படுத்தின, என்ன கேட்ட, அது குடுத்ததுல எதை எடுத்தன்னு ஸ்கெட்ச்புக்லயே எழுதிடு, மறைக்காத. என் தனிப்பட்ட கருத்து, ஐடியாக்கு அத நம்பினா எல்லாருக்கும் முதல்ல தோணறதுதான் வரும், கடிகாரம், ஜன்னல், மழை. வேணும்னா 10 ஐடியா கேட்டு வாங்கி, பத்தையும் அடிச்சுட்டு பதினொண்ணாவத நீ யோசி, அந்த பட்டியலுக்கு அதுதான் நல்ல உபயோகம். உன் ஃப்ரெண்டு பண்ணினது அவன் பாடு, அத விடு.

படம் எடுக்கறதுல உங்கள கவுக்கப் போறது கேமரா இல்ல, சவுண்டு. மங்கலான ஷாட்ட ஜனங்க மன்னிச்சுடுவாங்க, இரைச்சல்ல பேச்சு கேக்கலன்னா பத்தே செகண்டுல கவனம் போயிடும். ஒரு ஃபோன்ல வீடியோ எடு, இன்னொரு ஃபோன்ல ஆளுக்குப் பக்கத்துல, ஃப்ரேம்ல தெரியாம சவுண்டு மட்டும் பதிவு பண்ணு, ஷாட் ஆரம்பிக்கறப்போ ஒரு கைதட்டல் போட்டா எடிட்ல ரெண்டையும் அந்த சத்தத்த வெச்சே சேத்துடலாம். ரெண்டு ஃபோனும் ஏரோப்ளேன் மோட்ல இருக்கட்டும். கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாரையும் வாய மூட வெச்சு அந்த இடத்தோட வெறும் சத்தத்த 30 செகண்டு பதிவு பண்ணு, இதுக்கு ரூம் டோன்னு பேரு, வெட்டு விழற இடமெல்லாம் அடில இத ஓட்டினா சத்தம் குதிக்காது. வெளிச்சத்துக்கு அதிகம் சொல்ல மாட்டேன், ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (படத்துல எவ்ளோ வெளிச்சம் விழணும்ங்கறது) லாக் பண்ணிடு, ட்யூப்லைட் கீழ வரி வரியா ஓடினா ஷட்டர் வேகத்த மாத்திப் பாரு.

பாட்டு போடணும்னு கை துறுதுறுங்கும். சினிமா பாட்டு வேண்டாம், உரிமை அவங்களோடது. க்ரியேட்டிவ் காமன்ஸ்னு (சில நிபந்தனையோட மத்தவங்களும் பயன்படுத்தலாம்னு உரிமையாளரே குடுக்கற லைசென்ஸ்) போட்டிருந்தாலும் என்ன வகைன்னு படி, சிலதுக்கு பேர் போட்டா போதும், 'மாத்தக் கூடாது'ன்னு இருக்கற லைசென்ஸ்னா வீடியோவோட சேக்கறதே மாத்தறதாதான் கணக்கு, அதனால அது ஆகாது. காத்திருக்கறதப் பத்தின படத்துக்கு மியூசிக்கே வேணுமான்னும் ஒரு தடவ யோசி, ஃபேன் சத்தமும் உள்ளருந்து வர்ற தெளிவில்லாத பேச்சும் இன்னும் நல்லா இருக்கும்னு எனக்குப் படுது.

இந்த வாரத்துக்குள்ள முழுப் படத்தையும் ஒரே சாயங்காலத்துல, கன்றாவியா, யாருக்கும் காட்ட வெக்கப்படற மாதிரி எடுத்து ரஃப் கட் பண்ணிடு, அதாவது ஷாட்டெல்லாம் வரிசையா ஒட்டின முதல் எடிட். டீம்ல இல்லாத மூணு பேர்கிட்ட காட்டு, "இது என்னன்னா"ன்னு ஆரம்பிக்காத, வாய தொறக்கவே தொறக்காத, அவங்க என்ன புரிஞ்சுக்கிட்டாங்கன்னு மட்டும் எழுதிக்கோ. அதுக்கப்புறம் அந்த சனிக்கிழமை ஷூட்டிங், கடைசி மூணு நாள் எடிட்டிங்குக்கு மட்டும். ஒரு நாள் முன்னாடியே எக்ஸ்போர்ட் பண்ணி, போட்டுக் காட்டப்போற மெஷின்லயே ஓட்டிப் பாரு, வேற ரெண்டு இடத்துலயும் காப்பி வெச்சுக்கோ.

டீம் ஆளுங்ககிட்ட "எல்லாரும் சேந்து பண்ணலாம்டா"ன்னு சொல்லாத, அப்படி சொன்னா யாரும் பண்ண மாட்டாங்க. பேரு, வேலை, தேதி, மூணையும் ஒரு பக்கத்துல எழுதி எல்லாருக்கும் காட்டு, சவுண்டு ஒருத்தர், ஷாட் லிஸ்ட் டிக் போட ஒருத்தர், எடிட்ல உன்கூட உக்கார ஒருத்தர். அப்பவும் ஒருத்தன் வரலன்னா ரஃப் கட் முடிஞ்சதுமே டீச்சர்கிட்ட சொல்லிடு, சப்மிட் பண்ற அன்னிக்கு சொன்னா அது கோள் மூட்டற மாதிரிதான் இருக்கும்.

ட்ரோன் ஆசை அப்படியும் போகலன்னா மாடிப்படில மேல நின்னு, ஃபோன ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சு, கீழ இருக்கற நாற்காலிய நேரா பாத்து ஒரே ஒரு ஷாட் எடு. அந்த அசையாத பையன் மேலருந்து எப்படித் தெரியறான்னு எனக்கே பாக்கணும்னு இருக்கு.