தேடல் விளம்பரத்துக்கு 0.4% க்ளிக் விகிதம்: எங்கே பார்ப்பது?

விளம்பர வாசகத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். தையல் வகுப்புக்கான கூகுள் தேடல் விளம்பரம் 20,000 முறை காட்டப்பட்டு 80 க்ளிக், அதாவது 0.4% என்கிறீர்கள். தேடலுக்கு அது ரொம்பக் குறைவு. பிற தளங்களின் ஓரத்தில் வரும் விளம்பரத்துக்கோ சாதாரணம். அநேகமாக இரண்டும் கலந்திருக்கின்றன. கேம்பெய்ன் உருவாக்கும்போது 'டிஸ்ப்ளே நெட்வொர்க்' (பிற தளங்களிலும் விளம்பரத்தைக் காட்டும் வசதி) டிக் தானாகவே விழுந்திருக்கும், நாம்தான் எடுக்க வேண்டும்.

கேம்பெய்ன் பட்டியலில் 'செக்மென்ட்' போய் நெட்வொர்க் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். தேடல் வரி மட்டும் 3, 4 சதவீதம் காட்டினால் டிக்கை எடுத்துவிடுங்கள், போதும். அதுவும் குறைவா? அப்புறம் 'சர்ச் டெர்ம்ஸ்' பட்டியலை (மக்கள் உண்மையில் தேடிய சொற்கள்) திறந்து, 'தையல் மெஷின் விலை' மாதிரி சம்பந்தமில்லாத தேடல்களை நெகட்டிவ் கீவேர்டில், அதாவது விளம்பரம் காட்ட வேண்டாத சொற்களின் பட்டியலில், போடுங்கள்.

டிக்கை எடுத்ததும் இம்ப்ரெஷன் (விளம்பரம் காட்டப்படும் எண்ணிக்கை) சடாரென்று விழும், பதற வேண்டாம். விகிதம் ஏறினாலும் சேர்க்கை ஏறும் என்று உத்தரவாதம் இல்லை; வரும் ஃபோன் அழைப்புகளையும் எண்ணுங்கள்.