‘சவூதி’ என்பது யாருடைய பெயர்?

(ரியாத்தில் 28 வருடம் கணக்கு எழுதியதைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.)

கேள்வி: என் மகனுக்கு ரியாத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ‘சவூதி’ என்றால் அரபியில் என்ன அர்த்தம்? ஊரின் பெயரா, பாலைவனத்தின் பெயரா? — ஒரு வாசகி, திண்டுக்கல்

இரண்டும் இல்லை அம்மா, அது ஒரு குடும்பத்தின் பெயர். ரியாத்தை ஒட்டி திரிய்யா என்று ஒரு பழைய ஊர் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் அந்த ஊரை ஆண்ட முகம்மது என்பவரின் தகப்பனார் பெயர் சவூத். அவர் வழி வந்தவர்கள் ‘ஆல் சவூத்’. இங்கே ‘ஆல்’ என்று நீட்டிச் சொன்னால் குடும்பம், வம்சம் என்று பொருள். பெயர்களுக்கு முன்னால் வரும் குறில் ‘அல்’ வேறு. நானே இரண்டையும் பல வருடம் ஒன்றென்று நினைத்திருந்தேன்.

அந்த வம்சத்தில் வந்த அப்துல் அஜீஸ், 1902இல் ரியாத்தின் மஸ்மக் கோட்டையைப் பிடித்தார். அதிலிருந்து முப்பது வருடம் போரும் உடன்படிக்கையுமாக அல்ஹஸா, ஹாயில், மக்கா, மதீனா, ஜித்தா, அஸீர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். அதுவரை ‘ஹிஜாஸ், நஜ்து ராஜ்யம்’ என்று (ஹிஜாஸ் மக்கா இருக்கும் மேற்குப் பகுதி, நஜ்து ரியாத் இருக்கும் நடுப்பகுதி) நிலத்தின் பெயரால் அழைக்கப்பட்ட நாட்டுக்கு 1932 செப்டம்பர் 23 அன்று ‘சவூதி அரபிய ராஜ்யம்’ என்று பெயர் வைத்தார். ஆளும் குடும்பத்தின் பெயரையே முழு நாடும் சுமப்பது உலகில் அபூர்வம். ஐரோப்பாவில் லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாடு அப்படி ஒன்று.

மகனிடம் ஒன்று சொல்லி அனுப்புங்கள். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது அங்கே விதிப்படி தவறு. நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் என்னுடையதை எட்டு வருடம் இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார்கள். வாப்பா மௌத்தானபோது அதைக் கேட்டு வாங்கவே மூன்று நாள் ஆனது. ஜனாஸாவுக்கு என்னால் போக முடியவில்லை.

கேள்வி: ஒரு சிற்றூர்க் குடும்பம் இவ்வளவு பெரிய நிலத்தை எப்படிப் பிடித்தது? வாள் பலமா, மத பலமா? — ஒரு வாசகர், பாளையங்கோட்டை

இரண்டும் சேர்ந்ததால்தான். நஜ்தில் அப்போது ஊருக்கு ஒரு தலைவர் இருந்தார். திரிய்யாவும் அவற்றில் ஒன்று, அவ்வளவுதான். பக்கத்து ஊரான உயைனாவில் முகம்மது இப்னு அப்துல் வஹ்ஹாப் என்ற மார்க்க அறிஞர் இருந்தார். கப்ருகளிலும் (அடக்கத் தலங்களிலும்) மரங்களிலும் போய் வேண்டுவது அல்லாவுக்கு இணைவைப்பது என்று போதித்தார். சொன்னதோடு நிற்காமல், நபித்தோழர் ஒருவரின் கப்ரு மேல் இருந்த கட்டடத்தை இடித்தார். எதிர்ப்பு வந்து ஊரை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அவருக்கு அடைக்கலம் கொடுத்தவர் திரிய்யாவின் முகம்மது பின் சவூத். 1744 வாக்கில் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஆட்சி இவர் கையில், மார்க்கம் அவர் கையில். வெறும் ஊர்ச் சண்டையாக இருந்த ஒன்று அன்றிலிருந்து ஜிஹாத் ஆனது.

அந்தப் படை 1802இல் ஈராக்கின் கர்பலாவைச் சூறையாடியது. அடுத்த சில ஆண்டுகளில் மக்காவும் மதீனாவும் அவர்கள் கைக்கு வந்தன. துருக்கியின் உஸ்மானிய சுல்தானுக்காக எகிப்திலிருந்து வந்த படை 1818இல் திரிய்யாவைத் தரைமட்டமாக்கியது. மறுபடி எழுந்து, 1891இல் மறுபடி விழுந்து, குடும்பம் குவைத்தில் தஞ்சம் புகுந்தது. அங்கிருந்து புறப்பட்டு வந்தவர்தான் நான் மேலே சொன்ன அப்துல் அஜீஸ்.

இத்தனை விழுந்தெழுந்தும் அந்த இரண்டு குடும்பங்களின் உறவு அறுபடவில்லை. அறிஞரின் வம்சத்தை ‘ஆல் அஷ்ஷைக்’ என்பார்கள். அப்துல் அஜீஸின் மகனான மன்னர் ஃபைசலின் தாயார் அந்த வீட்டுப் பெண்தான்.

ஆனால் மார்க்க பலத்தை வைத்து எழுந்த அரசுக்கு அதே பலம் எதிராகத் திரும்பவும் செய்தது. அப்துல் அஜீஸுக்காகப் போரிட்ட பதூயின் (பாலைவன நாடோடிகள்) படையை இக்வான் என்பார்கள். ஈராக், குவைத் எல்லையைத் தாண்டிப் போகக் கூடாது என்று மன்னர் தடுத்தபோது அவர்கள் கிளர்ந்தார்கள். 1929இல் சபீலாவில் தன் பழைய படையையே அவர் முறியடிக்க நேர்ந்தது. ஐம்பது வருடம் கழித்து, 1979 நவம்பர் 20 அன்று மக்காவின் பெரிய பள்ளிவாசலை ஆயுதங்களோடு பிடித்த ஜுஹைமான், அந்த இக்வான் குடியிருப்பு ஒன்றில் பிறந்தவர். இரண்டு வாரம் புனிதப் பள்ளிக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. அதை அடக்கிய பிறகு, ஜுஹைமானைப் போன்றவர்கள் கேட்ட கடுமையில் பெரும் பகுதியை அரசே நாட்டுக்குள் கொண்டுவந்தது. நான் போய் இறங்கியது 1989இல். நான் பார்த்த சவூதி அந்தப் பயத்தில் உருவான சவூதி. பலர் அதை ஆயிரம் வருடத்துப் பழக்கம் என்று நினைக்கிறார்கள். என் வயதுள்ள ஜித்தாக்காரர்களோ எழுபதுகளில் ஊரில் படம் காட்டியதை நினைவு வைத்திருந்தார்கள்.

கேள்வி: நீங்கள் கீழக்கரைக்காரர். ஏர்வாடி தர்கா பக்கத்திலேயே வளர்ந்திருப்பீர்கள். ‘வஹாபி’ நாட்டில் இருந்தது உங்களை மாற்றியதா? — ஒரு வாசகர், தொண்டி

மாற்றியது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி. அங்கே யாரும் தன்னை வஹாபி என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள். அது அப்துல் வஹ்ஹாபின் மகனான அந்த அறிஞரை வைத்து மற்றவர்கள் வைத்த பெயர். ஸலஃபி என்பார்கள், அல்லது ஒன்றும் சொல்லாமல் முஸ்லிம் என்பார்கள்.

என் உம்மாவைப் பெற்ற பாட்டி, சந்தனக்கூட்டுக்கு வருடம் தவறாமல் என்னை ஏர்வாடிக்குக் கூட்டிப்போவார். ரியாத் போன மூன்றாம் வருடம், 1992 விடுமுறையில் நான் வந்தபோது அவர் நேர்ச்சைச் சோறு கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை. “இது ஷிர்க் (இணைவைப்பு), இதைச் சாப்பிடக் கூடாது” என்றேன். ரியாத்தின் கடைத்தெருவான பத்தாவில் கேட்ட பயான்களின் (மார்க்கச் சொற்பொழிவுகளின்) சூடு அப்போது என் தலையில் இருந்தது. பாட்டி கோபப்படவில்லை. “நான் அங்கே போனாலும் அல்லாவிடம்தாண்டா கேட்கிறேன்” என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார். 1996இல் இறந்துபோனார். அந்தத் தட்டை என்னால் மறக்க முடியவில்லை.

அதே சமயம் அந்த நாட்டின் மார்க்கத்தில் என் மனதைத் தொட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். 2015 ஜனவரி 23, வெள்ளிக்கிழமை, மன்னர் அப்துல்லாஹ் இறந்தார். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு சாதாரண கஃபன் துணியில் சுற்றி, ரியாத்தின் அல்ஊத் கப்ருஸ்தானில், பெயர் எழுதிய கல்கூட இல்லாமல் அடக்கினார்கள். ஊரெங்கும் கறுப்புத் துணியோ சிலையோ மணிமண்டபமோ கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வழக்கம்போல வேலைக்குப் போனோம். நாட்டுக்கே தன் குடும்பத்தின் பெயரை வைத்த வம்சத்தின் மன்னர், பெயரில்லாத மண்ணில் கிடந்தார். கீழக்கரையில் என் பாட்டியின் கப்ருக்கு அடையாளமாக மீசான் கல் இருக்கிறது. இரண்டும் அல்லாவின் மண்தான் என்ற நிதானம் எனக்கு வர இத்தனை வயதாகிவிட்டது.

கேள்வி: சவூதிக் கொடியை ஏன் அரைக்கம்பத்தில் பறக்க விடுவதில்லை? — ஒரு மாணவி, வாணியம்பாடி

அதில் கலிமா, அதாவது இஸ்லாத்தின் நம்பிக்கை வாசகம், எழுதியிருப்பதால். கீழே உள்ள வாள் ஆட்சியைக் குறிக்கும். மேலே உள்ளது இறைவனின் பெயர், அதை எந்த மனிதனுடைய சாவுக்காகவும் தாழ்த்த மாட்டார்கள்.

கேள்வி: இப்போது சினிமா, இசைக் கச்சேரி எல்லாம் வந்துவிட்டதே! மார்க்கத்தைக் கைவிட்டுவிட்டார்களா? — ஒரு வாசகர், சென்னை

அப்படிச் சொல்ல மாட்டேன். நாட்டின் 1992 அடிப்படைச் சட்டம், குர்ஆனும் சுன்னாவும்தான் அரசியல் சாசனம் என்கிறது. ஆட்சி அப்துல் அஜீஸின் மகன்களுக்கும் பேரன்களுக்கும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. இரண்டும் அப்படியே நிற்கின்றன. மாறியது எதை முன்னால் நிறுத்துவது என்பது.

நான் போன புதிதில் ‘சவூதி’ என்பது காகிதத்தில் உள்ள சொல். ஆபீஸில் யாரும் அப்படி அறிமுகம் செய்துகொள்ளவில்லை. கஹ்தானி, உதைபி, ஷம்மரி என்று கோத்திரத்தைச் சொல்வார்கள். ஜித்தாவிலிருந்து வந்தவர் “நான் ஹிஜாஸி” என்பார். மலிபாரி என்று குடும்பப் பெயர் வைத்திருந்த மக்காக்காரரையும் பார்த்திருக்கிறேன், அவர் முன்னோர் மலபாரிலிருந்து வந்தவர்கள். கதீஃபைச் சேர்ந்த ஷியா நண்பர் ஒருவர் தன் ஊர்ப் பெயரையே சத்தமாகச் சொல்ல மாட்டார். இவர்களை ஒன்றாகக் கட்டியது ஒரே பாங்கும் ஒரே மன்னரும்தான். நாட்டுப்பற்று என்று தனியாக ஒன்று பேசப்படவில்லை. செப்டம்பர் 23 தேசிய தினம் பொது விடுமுறையானதே 2005இல்தான். இரண்டு பெருநாளுக்கு மேல் மூன்றாவது கொண்டாட்டம் பித்அத் (மார்க்கத்தில் இல்லாத புதுமை) என்று ஆலிம்களில், அதாவது மார்க்க அறிஞர்களில், பலர் எதிர்த்துவந்தார்கள்.

2016க்குப் பிறகு வேகம் பிடித்தது. அந்த வருடம் ஏப்ரலில் முத்தவ்வாக்கள் என்ற மார்க்கப் போலீஸின் கைது செய்யும் அதிகாரத்தை எடுத்தார்கள். ஸலா டைமில் (தொழுகை நேரத்தில்) கடை ஷட்டரை இறக்கத் தாமதித்ததற்காக அவர்களிடம் திட்டு வாங்காதவர்கள் பத்தாவில் கிடையாது. 2018இல் சினிமா திறந்தது, பெண்கள் வண்டி ஓட்டினார்கள்.

எனக்கு இவற்றை விடப் பெரிதாகத் தெரிவது ஒரு தேதி. 2022 ஜனவரியில் மன்னர் சல்மான் ‘ஸ்தாபக தினம்’ என்று புதிதாக ஒரு விடுமுறையை அறிவித்தார். பிப்ரவரி 22. அரசு தொடங்கிய வருடம் 1727 என்றார்கள், முகம்மது பின் சவூத் திரிய்யாவின் தலைவரான வருடம். நாங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருந்ததும் புத்தகங்கள் சொல்லிவந்ததும் 1744, அறிஞரோடு செய்த ஒப்பந்தத்தின் வருடம். பதினேழு வருடம் பின்னால் போனால் அந்த அறிஞர் கதையில் இன்னும் வரவே இல்லை! குடும்பம் மட்டும் இருக்கிறது. தேசத்தின் பிறந்தநாளில் இப்போது மார்க்க ஒப்பந்தம் இல்லை.

இது எனக்குச் சந்தோஷமா என்றால், பாதிதான். முத்தவ்வாவின் பிரம்பு போனதில் எனக்கு வருத்தம் இல்லை. என் மனைவி இருபது வருடம் அந்தப் பயத்தோடு கடைத்தெருவுக்குப் போனவர். ஆனால் பிரம்பை எடுத்த அதே அரசு, ஆலிம்களையும், பெண்கள் வண்டி ஓட்ட வேண்டும் என்று முதலில் கேட்ட பெண்களையும் சிறையில் வைத்தது. மக்கள் தங்கள் நாட்டைப் பற்றித் தாங்களே பேசும் இடம் அகலவில்லை. முன்பு மார்க்கத்தின் பெயரால் வாய் அடைத்தார்கள், இப்போது தேசத்தின் பெயரால்.

கேள்வி: மக்கா, மதீனா என்ற இரு புனிதத் தலங்களின் பாதுகாவலரான மன்னரை விமர்சிப்பது இஸ்லாத்தை விமர்சிப்பது ஆகாதா? உங்களுக்குச் சோறு போட்ட நாடு அல்லவா? — ஒரு வாசகர், மேலப்பாளையம்

சோறு போட்டது, மறக்கவில்லை. என் தங்கை கல்யாணமும் இந்த வீடும் ரியால்தான்.

ஆனால் அண்ணே, இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். ‘இரு புனிதத் தலங்களின் ஊழியர்’ என்பதுதான் அந்தப் பட்டத்தின் நேர்ப் பொருள். மன்னர் ஃபஹ்து 1986இல் ‘மாட்சிமை பொருந்திய’ என்பதை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டார். ஊழியரிடம் கேள்வி கேட்கலாம். கஃபா சவூத் குடும்பத்துக்கு முன்பும் இருந்தது. நம் முன்னோர் கப்பலேறி ஹஜ்ஜுக்குப் போன காலத்தில் மக்காவை ஆண்டவர்கள் வேறு. நம் முன்னோருடைய தொழுகை செல்லுபடியாக எந்த ஆட்சியாளரின் பெயரும் தேவைப்படவில்லை.

சொந்த வீட்டு விஷயம் ஒன்றையும் சொல்கிறேன். 2017 ஜூலையில் வெளிநாட்டுக்காரர்களின் குடும்பத்தாருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் வரி வந்தது. 2020இல் அது 400 ஆகும் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் என்னைத் தவிர மூன்று பேர். வருடத்துக்கு 14,400 ரியால் கட்ட என்னால் முடியாது. ஊர் திரும்பினோம். மகள் 1999இல் ரியாத்தில் பிறந்தவள், பதினெட்டு வருடம் வேறு ஊர் அறியாதவள். அங்கே பிறந்ததால் குடியுரிமை கிடைக்காது. விமான நிலையத்தில் அவளுடைய இகாமாவை (அங்கே வசிப்பதற்கான அட்டையை) வாங்கிக்கொண்டபோது அழுதாள்.

2023இல் உம்ராவுக்குப் போனோம். மக்காவை முடித்துக்கொண்டு, அவள் ஆசைக்காக ரியாத்துக்கும் போனோம். ஸ்தாபக தினம் அன்று. பிள்ளைகள் பழைய காலத்து உடை போட்டுக்கொண்டு தெருவில் நின்றிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் எங்களுக்குக் கஹ்வாவும் (அரபிக் காபி) பேரீச்சம்பழமும் நீட்டினாள். என் மகள் ரியாத் அரபியில் நன்றி சொல்லவும், அந்தப் பிள்ளைக்கு ஆச்சரியம். “நீங்கள் சவூதியா?” என்று கேட்டாள்.

“இல்லை” என்றாள் மகள். “ஆனால் இந்த ஊர்தான்.”