காவலுக்கு ஒரு கழுதை

அன்புள்ள அக்கா,

வீட்டுக்குப் பின்னால் பதினான்கு கோழிகள் வைத்திருந்தேன். போன மாதம் ஒரே இரவில் நாய்கள் புகுந்து ஐந்தைக் கொன்றுவிட்டன. மினியேச்சர் கழுதை ஒன்றை விட்டால் நாயும் நரியும் கிட்டே வராது என்கிறார்கள். இரண்டு வாங்க இடம் போதாது. ஆண் வாங்கலாமா, பெட்டை வாங்கலாமா? கோழித் தீவனத்திலேயே அதற்கும் கொஞ்சம் போட்டால் போதுமா?

கே.

அன்புள்ள தம்பி,

விடிந்ததும் கூட்டைத் திறக்கப் போய், சிறகும் ரத்தமுமாகப் பார்ப்பது என்ன வேதனை என்று எனக்குத் தெரியும். ஆனால் 'ஒன்றை விட்டால்' என்று எழுதியிருக்கிறாய் பார், அதற்கு மேல் படிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பல நாளாக மனதில் கிடக்கும் விஷயம் அது.

ஆணா பெட்டையா என்பதெல்லாம் சின்ன விஷயம். பெட்டை, இல்லையென்றால் காயடித்த ஆண். காயடிக்காத ஆண் சிறு பிராணிகளைக் கவ்வி உதறிவிடக்கூடும். அவ்வளவுதான்.

தீவனக் கேள்விக்குத்தான் கோபம் வந்தது. ஓர் உயிரை வாங்கப் போகிறவன் அது என்ன தின்னும் என்றுகூடத் தெரிந்துகொள்ள மாட்டாயா? கழுதை வறண்ட நிலத்துப் பிராணி. வைக்கோலும் காய்ந்த புல்லும்தான் அதன் வயிற்றுக்கு ஏற்றவை. தானியம் தின்று கொழுத்தால் குளம்புக்குள் அழற்சி வந்து காலை ஊன்ற முடியாமல் நிற்கும். அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. ரத்தக்கழிச்சல் வராமலிருக்கச் சில கோழித் தீவனங்களில் மோனென்சின் என்ற மருந்தைக் கலக்கிறார்கள். கோழிக்கு அது ஒன்றும் செய்யாது. குதிரைக்கும் கழுதைக்கும் கொஞ்சம் உள்ளே போனாலே இதயத் தசை கெட்டுவிடும், முறிவு மருந்தும் கிடையாது. நீ அதைக் கையாலேயே அள்ளிப் போடலாமா என்று கேட்கிறாய்.

சரி, காவலுக்கு வருகிறேன். ஆட்டு மந்தைகளுக்குக் காவலாக விடுவது முழு வளர்ச்சியுள்ள பெரிய கழுதைகளை. நாய் இனத்தைக் கண்டாலே அவற்றுக்கு ஆகாது. காதை மடக்கிக்கொண்டு துரத்தும், கடிக்கும், முன்னங்காலால் மிதிக்கும். நீ சொல்லும் மினியேச்சரோ இத்தாலியின் சிசிலி, சார்டினியா தீவுகளிலிருந்து வந்த குள்ள வகை. தோள் உயரம் 36 அங்குலத்துக்கு மேல் போகாது. நான்கு நாய்கள் சேர்ந்து வந்தால் கோழிக்கு முன்னால் அதுதான் சாகும். பருந்தையும் எலியையும் பாம்பையும் அது திரும்பிக்கூடப் பார்க்காது.

என்னிடம் அப்படி இரண்டு இருந்தன. வேறொருவர் வைத்துக்கொள்ள முடியாமல் கொடுத்த வயதான ஜோடி. மாலையில் எதிரெதிராக நின்று, ஒன்றின் பிடரியை மற்றது முன்பற்களால் மெல்ல நெருடிக்கொடுக்கும். கண் பாதி மூடியிருக்கும். கீழுதடு தொங்கும். அரைமணி நேரம் அப்படியே நிற்கும். ஒரு விடியற்காலையில் மூத்தது குடல்வலியில் இறந்தது. மற்றது பார்க்க வேண்டாம் என்று அதைக் கொட்டகைக்குள் அடைத்துவிட்டு, உடலை அவசரமாக எடுத்துப்போகச் சொன்னேன். கருணை என்று நினைத்துச் செய்தேன். மூன்று நாள் அது படலருகே நின்று கத்தியது. அப்புறம் கத்துவதையும் விட்டது, தின்பதையும் விட்டது. தலை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. களைப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கழுதை வலியை வெளியே காட்டாது. சோர்ந்து நின்றாலே நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். தின்னாமல் கிடந்தால் உடம்பின் கொழுப்பு ரத்தத்தில் கலந்து கல்லீரலை அடைத்துவிடும் என்று மருத்துவர் வந்து சொன்னபோது நேரம் கடந்திருந்தது. ஒன்பதாம் நாள் அதுவும் போய்விட்டது. இறந்த துணையின் உடலருகே, அதுவாக விலகிப் போகும்வரை விட்டிருக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். முகர்ந்து பார்த்துப் புரிந்துகொள்ள அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். அந்த நேரத்தை நான் கொடுக்கவில்லை.

கோழிகள்தான் துணைக்கு இருக்கின்றனவே என்று எழுதாதே. கோழியால் பிடரியை நெருட முடியுமா? ஆடு இருந்தால்கூட அது ஆடுதான். கழுதைக்குக் கழுதைதான் வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30 வருஷத்துக்கு மேலும் இருக்கும் ஜீவன் அது. அத்தனை வருஷம் தன் மொழி பேச ஒரு துணை இல்லாமல் உன் முட்டைகளுக்குக் காவல் நிற்க வேண்டுமா? கற்பூர வாசனை தெரியாது என்று பழமொழி சொல்லி அதை மட்டம் தட்டியவர்கள், அது தன் ஜோடியின் வாசனையைத் தேடி மண்ணை முகர்வதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

மீதிக் கோழிகளுக்கு வழி சொல்கிறேன். சாதாரணக் கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், நாயைத் தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள, கம்பிகளைப் பற்றவைத்த வெல்டு வலையாகப் போடு. வலையின் அடியை ஓர் அடியாவது மண்ணுக்குள் புதை. கதவுக்கு ஒரு கொக்கி போதாது, மேலே ஒன்று, கீழே ஒன்று வை. இருட்டும் முன் ஒவ்வொன்றாக எண்ணி அடை.

என்றைக்காவது இரண்டு கழுதைக்கு இடம் கிடைத்தால் எனக்கு எழுது. குளம்பு சீவுவது, மழைக்குக் கூரை போடுவது எல்லாம் அப்போது சொல்கிறேன். மழை அவற்றின் மயிருக்குள் நேராக இறங்கிவிடும், அதனால் கூரைதான் முதலில். இன்றைக்குக் கொக்கியை மாற்று.

அன்புடன்,
அக்கா