வெஸ்நோத் களத்தில் யாரைச் சேர்ப்பது? வாசகர் கேள்வி பதில்

(ஆறுகோணக் கட்டங்களில் முறை வைத்து ஆடும் இலவச கம்ப்யூட்டர் விளையாட்டு 'பேட்டில் ஃபார் வெஸ்நோத்' பற்றி வந்த கேள்விகள்.)

லாயலிஸ்ட் (மனிதப் படை) தரப்புல ஆடறனுங்க. கையில 100 தங்கம். வேகமா இருக்குதுன்னு ஹார்ஸ்மேன் (குதிரைவீரன்) நாலு எடுத்தா, ஈட்டிக்காரங்க கிட்டப் போனதுமே செத்துப் போகுதுங்க. ஏனுங்க?
- வாசகர், பெருந்துறை

ஹார்ஸ்மேனின் பாய்ச்சல் தாக்குதலில், கொடுக்கும் அடியும் இரட்டிப்பு, வாங்கும் அடியும் இரட்டிப்பு. ஸ்பியர்மேன் (ஈட்டிக்காரன்) ஒரு குத்துக்கு 7 சேதம் தருவான். குதிரைக்கு ஈட்டி என்றால் 20% கூடுதல் வலி, பகல் நேரம் என்றால் இன்னொரு 25%. இரட்டித்துப் பார்த்தால் ஒரு குத்துக்கு 21. குதிரையின் ஹெச்.பி. (உயிர்ப் புள்ளி) 38தான், இரண்டு குத்தில் கதை முடிந்தது. போதாததற்கு, யார் போய்த் தாக்கினாலும் ஸ்பியர்மேன்தான் முதலில் குத்துவான்.

ஹார்ஸ்மேனை மேஜ் (மந்திரவாதி) மாதிரி கைச்சண்டைக்கு லாயக்கில்லாதவர்கள் மீது மட்டும், அதுவும் பகலில் ஏவுங்கள். விலை 23 தங்கம் என்பதால் ஒன்றே போதும். ஆரம்பத்தில் அதுவும் வேண்டாம். 100 தங்கத்துக்கு ஸ்பியர்மேன் 3 (42), மேஜ் 1 (20), கேவல்ரிமேன் என்ற வாள் குதிரைவீரன் 1 (17), போமேன் என்ற வில்லாளி 1 (14) எடுத்தால் 93 ஆகும். எதிரி எலும்புக்கூட்டுப் படை என்றால் ஈட்டியும் அம்பும் வீண், குத்து ஆயுதத்தை அவை 60% தாங்கும். அப்போது போமேனையும் ஒரு ஸ்பியர்மேனையும் விட்டுவிட்டு ஹெவி இன்ஃபன்ட்ரி (19) என்ற கனத்த கவச வீரன் ஒருவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நடை மெதுவு, ஆனால் அவனுடைய அடி எலும்பை நொறுக்கும்.

லெவல் 1 (தொடக்க நிலை) ஆள் ஆறு பேரை வைத்திருக்க ஆறு கிராமங்கள் பிடித்திருக்க வேண்டும். குறைந்தால் ஒவ்வொரு டர்னும் (முறையும்) வருமானத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

ஆர்க்குங்கற அரக்கப் படை ராத்திரியில அடிச்சு நொறுக்குது. என்ன பண்றதுங்க?
- வாசகி, பொள்ளாச்சி

ராத்திரியில் சண்டைக்குப் போகாதீர்கள். விடியல், காலை, பிற்பகல், அந்தி, இரண்டு இரவுகள் என ஆறு டர்னில் ஒரு நாள் சுற்றும். ஆர்க் படையின் சாதாரண வீரன் கிரண்டின் வெட்டு பகலில் 7, இரவில் 11. உங்கள் ஸ்பியர்மேனுக்குப் பகலில் 9, இரவில் 5. அந்தியிலேயே கிராமத்துக்கோ மலைக்கோ பின்வாங்கிவிடுங்கள். அங்கே மனித வீரனுக்கு 60% தற்காப்பு (அடி தவறும் வாய்ப்பு), தண்ணீரில் நின்றால் வெறும் 20%.

மேஜ் லெவல் ஏறினதும் ஒயிட் மேஜ் (வெள்ளை) ஆக்கறதா, ரெட் மேஜ் (சிவப்பு) ஆக்கறதா?
- வாசகர், தாராபுரம்

முதல் ஆளை வெள்ளையாக்குங்கள். பக்கத்தில் நிற்பவர்களுக்கு டர்னுக்கு 8 ஹெச்.பி. ஏற்றுவார், விஷத்தையும் முறிப்பார். விஷம் முறியும் டர்னில் மட்டும் ஹெச்.பி. ஏறாது. இரண்டாவது மேஜ் சிவப்பாகட்டும்.

லெவல் ஏற்றுவதுதான் பலருக்கும் சிக்கல். லெவல் 1 எதிரியோடு மோதினால் 1 அனுபவப் புள்ளிதான், கொன்றால் 8. எனவே மற்றவர்கள் அடித்து இறக்கிய பிறகு, கடைசி அடியை மேஜுக்கு விடுங்கள். கிரண்டிடம் தூர ஆயுதம் இல்லாததால் மேஜ் தூரத்திலிருந்து சுட்டால் திருப்பி அடிக்க வழியில்லை. எதிரி எந்த மறைவில் இருந்தாலும் மந்திரம் பட 70% வாய்ப்பு உண்டு. ஆனால் மேஜின் ஹெச்.பி. 24தான். இரவில் முன்வரிசையில் விட்டால் கிரண்டின் மூன்று வெட்டு போதும்.

ஆடு புலி ஆட்டத்துல ஆடுகளை நெருக்கமா அடுக்குவோம். இங்கயும் அப்படியே நிறுத்தலாமுங்களா?
- வாசகர், கோபி

நிறுத்தலாம், ஆனால் காரணம் வேறு. அங்கே பின்னால் காலி இடம் இருந்தால் புலி தாவும்; இங்கே யாரும் தாவுவதில்லை. உங்கள் ஆளின் பக்கத்துக் கட்டத்தில் எதிரி கால் வைத்தால் அந்த டர்னுக்கு நடை நின்றுவிடும். அதனால் இருவருக்கு நடுவே இரண்டு காலிக் கட்டம் இருந்தாலும் வழி அடைபடும். ஆனால் அப்படி இடைவெளி விட்டால் ஒருவனை நான்கு பேர் சூழலாம்.

எதிரி இடமிருந்தோ வலமிருந்தோ வந்தால் மேலும் கீழுமாக ஒட்டி நிறுத்துங்கள், ஒருவனுக்கு இரண்டு பேர்தான் கிடைப்பார்கள். திரையின் மேலிருந்து வந்தால் வரிசை வளைந்து வளைந்துதான் அமையும். துருத்திக்கொண்டிருப்பவனை மூன்று பேர் அடிக்கலாம், உள்வாங்கியவனை ஒருவன் மட்டும். துருத்தும் இடத்தில் முழு ஹெச்.பி. உள்ள ஸ்பியர்மேன், உள்வாங்கிய இடத்தில் காயம்பட்டவன் என்று வையுங்கள். ஃபென்சர் (வாள்வீரன்) மாதிரி நழுவும் திறன் உள்ளவர்களை மட்டும் இந்த இடைவெளி வேலி தடுக்காது.