வாம்பயர் (Vampyr) கேம்ல நாம யாரைக் கொல்றோம்ங்கறது முடிவை எப்படி மாத்துது?

நேரா சொல்றேன், முடிவைத் தீர்மானிக்கிறது நீங்க ரத்தம் குடிச்சுக் கொன்ன ஊர்க்காரங்களோட எண்ணிக்கைதான், சண்டையில வெட்டுற வேட்டைக்காரங்களும் ஸ்கால்களும் (கீழ்த்தரமான வாம்பயர் பிராணிகள்) அந்தக் கணக்குல வரமாட்டாங்க. (கதை முடிவு தெரிய வேணாம்னா இங்கயே நிறுத்திக்கோங்க.)

2018-ல வந்த இந்த கேம் 1918 லண்டன்ல, ஸ்பானிஷ் ஃப்ளூ நேரத்துல நடக்குது. ஹீரோ ஜோனதன் ரீட் ஒரு டாக்டர், வாம்பயரா மாறி முழிச்சதுமே ரத்தப் பசியில தன் தங்கச்சி மேரியையே கொன்னுடறான், அதுதான் அவன் மனசுல கடைசி வரைக்கும் இருக்கு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சதே கேம் நமக்கு ஆசை காட்டுற விதம்தான். ஒருத்தர்கிட்ட பேசிப் பேசி ரகசியத்தை எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, மருந்து குடுத்து தலைவலியைக் குணப்படுத்தினா அவரோட ரத்தத்துல கிடைக்கிற எக்ஸ்பி (ஹீரோவோட சக்தியைக் கூட்டுற பாயிண்ட்) கூடும், அதாவது யாரை நல்லா தெரியுமோ, யாரைக் காப்பாத்தினோமோ அவங்களைக் கொன்னாதான் லாபம் அதிகம். கடிக்கும்போது அவங்களோட கடைசி நினைப்பு குரலா கேக்கும், அதைக் கேட்டப்புறம் எனக்கு கை வரல. போதாததுக்கு ஆட்டோசேவ் மட்டும்தான், பழைய சேவுக்குப் போய் மனசை மாத்திக்க முடியாது.

மொத்தம் நாலு முடிவு. ஒருத்தரைக்கூட கொல்லலேன்னா ஜோனதனும் அவன் காதலிக்கிற வாம்பயர் எலிசபெத்தும் நம்பிக்கையோட சேர்ந்து கிளம்புவாங்க. கொஞ்சம் பேரைக் கொன்னாலும் அவ கூடத்தான் இருப்பா, ஆனா அந்த நம்பிக்கை குறைஞ்சிடும். இன்னும் கூடினா அவளை இழந்துடுவீங்க, ரொம்ப அதிகமானா அவனே முழு மிருகமா ஆயிடறான்.