ஆரஞ்சும் மசாலாவும் சேர்த்த டார்க் சாக்லேட் உண்மையிலேயே நன்றாக இருக்குமா?

நன்றாக இருக்கும். ஆனால் மெல்லக் கூடாது. முதல் முறை நான் கடலைமிட்டாய் தின்பதுபோல் கடித்து மென்றுவிட்டேன். கசப்பும் காரமும் ஒன்றாக வந்து மோதின. ஆரஞ்சு இருந்த இடமே தெரியவில்லை.

மறுநாள் மாலை அதே சாக்லேட் கட்டியிலிருந்து ஒரு துண்டை நாக்கில் வைத்து வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பில் ஊடுபயிராக விளைந்த கொக்கோ, 70 சதவீதம். பட்டை, ஏலக்காய், காய்ந்த மிளகாய், ஆரஞ்சுத் தோல் எண்ணெய் சேர்த்தது. கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில் உருகும். வாயின் சூடு அதைவிடச் சற்றே அதிகம் என்பதால் துண்டு தானாக, மெதுவாக இளகும். உறையைப் பிரித்தபோதே ஆரஞ்சு மூக்கைத் தொட்டிருந்தது. இளக இளகக் கசப்பு பரவியது. மூச்சை வெளியே விட்டபோது ஏலக்காயும் பட்டையும் வந்தன. மிளகாய் கடைசியில்தான் வந்தது, விழுங்கிய பிறகு: சுக்குக் காபி குடித்தபின் தொண்டையில் நிற்குமே, அந்தச் சூடு. இந்த வரிசைக்காகவே இதை நான் திரும்பத் திரும்ப வாங்குகிறேன்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இதில் ஆரஞ்சு என்பது சாறு அல்ல, தோல். சிறு வயதில் கமலா ஆரஞ்சுத் தோலை அடுத்தவர் கண்ணில் பிழிந்து விளையாடியிருப்பீர்கள். விளக்குச் சுடரில் பிழிந்தால் பொறி பறக்கும். அந்த எண்ணெய் கொக்கோ வெண்ணெயோடு இயல்பாகக் கலந்துவிடும். சாற்றைச் சிறிது ஊற்றினாலோ உருகிய சாக்லேட் திரண்டு கெட்டியாகிவிடும். ஆகவே உறையில் ஆரஞ்சு எண்ணெய் அல்லது ஆரஞ்சுத் தோல் என்று இருக்க வேண்டும். செயற்கை மணம் என்று மட்டும் எழுதியிருந்தால் நான் வைத்துவிட்டு வந்துவிடுவேன்; எனக்கு அது குழந்தைகளின் காய்ச்சல் மருந்தைத்தான் நினைவூட்டுகிறது.

இனிப்பில் மிளகாய் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். உண்மையில் சர்க்கரைக்கு முன்பே கொக்கோவோடு சேர்ந்தது மிளகாய். மெக்சிகோவின் பழங்குடிகள் கொக்கோவை மிளகாய் கலந்த பானமாகக் குடித்தார்கள். கரும்புச் சர்க்கரையும் பட்டையும் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வந்த பிறகே சேர்ந்தன. இன்றும் இலங்கைப் பட்டையைப் பெருமளவில் வாங்கும் நாடுகளில் மெக்சிகோ முன்வரிசையில் நிற்கிறது. நம் பிரியாணியில் போடும் தடித்த பட்டைக்கு வேகம் அதிகம். இலங்கையின் மெல்லிய சுருள் பட்டை மென்மையானது, ஆரஞ்சை அமுக்காது.

சிசிலித் தீவின் மோடிக்கா ஊரில் சர்க்கரை கரையாத அளவு குறைந்த சூட்டில் சாக்லேட் செய்கிறார்கள். அது நாக்கில் மணல்போல நெறுநெறுக்கும். பட்டை, ஆரஞ்சு சேர்த்தவை அங்கேயும் உண்டு, கிடைத்தால் விடாதீர்கள்.

சித்திரை வெயிலில் இதை வெளியே வைக்க முடியாது, உருகிவிடும். பிரிட்ஜில் வைப்பதென்றால் காற்றுப் புகாத டப்பா அவசியம். ஒருமுறை மல்லிகைச் சரத்துக்குப் பக்கத்தில் திறந்தபடி வைத்துவிட்டேன். மறுநாள் ஆரஞ்சும் இல்லை, ஏலக்காயும் இல்லை, மல்லிகைதான் மணந்தது. சாப்பிடுவதற்குக் கால் மணி நேரம் முன்பே டப்பாவை மூடியபடி வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். குளிர்ந்த சாக்லேட்டில் ஆரஞ்சு எழுந்து வருவதில்லை.